மூங்கில் ஆர்கனும் நான் எடைக்குப் போடச் சொன்ன பெட்டியும்

போன வாரம் படப்பை கடைத்தெருவில் வாத்தியாரைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியவர். பள்ளிக்கூட வேலை போக, அவர்கள் மாதா கோயிலில் நாற்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பெட்டி வாசித்தவர். கையில் மஞ்சள் பையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை.

"கோயில் கீபோர்டு போச்சு தம்பி. இது மூணாவது."

ரிப்பேர் கடையில் கொடுத்தார்களாம். உள்ளே இருக்கும் போர்டு இப்போது வருவதில்லை, புதுசாக வாங்கிவிடுங்கள் என்று கைவிரித்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அந்தப் பார்வைக்குப் பின்னால் 1994-ஆம் வருஷம் இருக்கிறது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் பிழைத்தது காற்றை வைத்து. முதலில் அம்பத்தூரில், பிறகு ஒரகடம் பக்கம் ஆலைகள் வந்தபின் இங்கே, கம்பிரஸர் ஹவுஸிலேயே முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. எங்கே காற்று ஒழுகுகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பேன். அந்தப் பெருமையில்தான் அன்றைக்கு அவர்கள் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோயிலில் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. வெள்ளைக்காரச் சாமியார் காலத்தில் வந்தது என்பார்கள். 'ஆர்கன் பெட்டி' என்றுதான் ஊரில் பெயர். மிதித்தால் புஸ்ஸென்று காற்று போகிறது, ஏழெட்டுக் கட்டைகள் பேசவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்றார்.

பின்பக்கப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். துருத்தித் தோல் மடிப்புக்கு மடிப்பு வெடித்திருந்தது. எலி கூடு கட்டியிருந்தது. பத்து நிமிஷம்கூடப் பார்த்திருக்கமாட்டேன். "இதெல்லாம் இனிமே ஆகாது ஃபாதர். ஒரு கீபோர்டு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். காபி கூடக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் பழைய இரும்புக் கடையில் எனக்கு வேறு வேலை இருந்தது. அங்கே தராசில் பித்தளை நாக்குகளைக் குவித்து வைத்திருந்தார்கள். ஆர்மோனிய ரீடுகள். பெரியது விரல் நீளம், சின்னது நகத்தளவு. ஒவ்வொன்றின் தலையிலும் சுருதியின் எழுத்து பொறித்திருந்தது. பித்தளை தனி விலை, மரம் விறகு விலை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் செய்யவில்லை.

இப்போது யோசித்தால், அந்தப் பெட்டிக்கு வேண்டியிருந்தது என்ன? கொஞ்சம் ஆட்டுத்தோல், நல்ல வஜ்ஜிரம், பொறுமையுள்ள ஒரு ஆள். மிருதங்கத்துக்குத் தோல் போடுகிறவரைக் கூட்டிவந்திருந்தால் துருத்தி வேலை முடிந்திருக்கும். பேசாத கட்டைகளில் பாதிக்கு, ரீடில் ஏறிய தூசியை ஊதிவிட்டாலே பேச்சு வந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. எனக்கு ஆறு கிலோ பிரஷர் தெரியும், இந்தப் பெட்டியின் மெல்லிய காற்று தெரியாது. தெரியாததை 'ஆகாது' என்று சொல்லிவிட்டேன். தொழில் தெரிந்தவன் வாயிலிருந்து வந்ததால் அதை எல்லோரும் நம்பினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாத்தியாரே என்னைத் தாம்பரத்தில் ரயிலேற்றி எழும்பூருக்கு அழைத்துப் போனார். "உன் காதுக்கு ஒரு தண்டனை தர்றேன், வா" என்றார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறதே, செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்சு, கிர்க் என்பார்கள், அங்கே. அது கத்தோலிக்கக் கோயில் அல்ல. ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டியது, இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஆனால் வாத்தியார் சொன்னார், "எங்க கோயில்ல இருந்தது குட்டி. அதோட தாயாரைப் பார்க்கணும்னா இங்கதான் வரணும்."

வட்டமான கட்டடம். மேலே நீல நிறக் குவிமாடம், அதில் பொன் நட்சத்திரங்கள். ஆர்கன் ஆரம்பித்தபோது நான் முதலில் உணர்ந்தது காதில் அல்ல, உட்கார்ந்திருந்த பெஞ்சில். அடிச்சுருதி வந்தபோது மரம் முதுகில் அதிர்ந்தது. ஸ்பீக்கர் சத்தம் நம் மேல் வந்து மோதும். இது அப்படியில்லை, இடத்தை நிரப்பிக்கொண்டு எழும்புகிறது. கண்ணை மூடிக்கொண்டேன். தராசும் பித்தளை நாக்குகளும் தெரிந்தன. வாத்தியார் சொன்ன தண்டனை அதுதான்.

இந்த ஆர்கன் இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பீட்டர் கோனக்கர் நிறுவனம் செய்து கப்பலில் அனுப்பியது. இங்கே அது அர்ப்பணிக்கப்பட்டது 1883-இல்.

பைப் ஆர்கன் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு, என் பாஷையில் சொல்கிறேன். ஒரு துருத்தி காற்றைத் தருகிறது. அந்தக் காற்று ஒரு சேமிப்புப் பெட்டிக்குப் போகிறது. பெட்டியின் மேல் எடைக்கல் வைத்து அழுத்தம் மாறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து குழல்கள் வரிசையாக நிற்கும் பலகைக்கு. கட்டையை அழுத்தினால் அடியில் ஒரு வால்வு திறக்கும், குழல் பேசும். ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் குழல். புல்லாங்குழலில் விரலால் துளைகளை மூடித் திறந்து ஒரே குழலில் ஏழு சுரமும் எடுக்கிறோம். ஆர்கனில் அந்தச் சலுகை கிடையாது. அடிச்சுருதிக் குழல் எட்டு அடி நீளம், உச்சத்தில் பென்சில் அளவு. குழல் எத்தனை ஆயிரம் இருந்தாலும் கணக்கு இதுதான். கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு வருஷங்களுக்கு மேல் முந்தியே எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் தெசிபியஸ் என்ற பொறியாளர் தண்ணீரை வைத்துக் காற்றழுத்தத்தை நிலைநிறுத்தி இதைச் செய்துவிட்டார். கோயிலுக்குள் வந்தது பல நூற்றாண்டு கழித்து.

என்னை அசத்தியது அழுத்தத்தின் அளவு. எங்கள் ஆலை லைனில் ஆறு கிலோ. ஆர்கனுக்கு வேண்டியது வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீரை மூன்று அங்குலம் உயர்த்தும் அளவு காற்று. கணக்குப் போட்டால் எங்கள் லைனில் எண்ணூறில் ஒரு பங்கு! அவ்வளவு மெல்லிய காற்றுதான் என் முதுகெலும்பை அதிரவைத்தது. பலம் முக்கியமில்லை, நடுங்காமல் வரவேண்டும். முப்பத்தைந்து வருஷம் காற்றோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது தெரியாமல் போனது.

கிர்க்கில் இன்னொரு சங்கதி உண்டு. தாமஸ் டி ஹாவிலாண்டு என்ற இன்ஜினியர் கட்டிய கட்டடம் அது. 1818-இல் தொடங்கி 1821-இல் திறந்தார்கள். மண் இளக்கமான மண். அத்தனை பெரிய கட்டடத்தை அதன்மேல் எப்படி நிறுத்துவது? நம் ஊர் முறையைக் கையில் எடுத்தார். உறைக்கிணறு! சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ஏறக்குறைய நூற்றைம்பது கிணறுகள், அவற்றின் மேல் சர்ச்சு நிற்கிறது. இருநூறு வருஷம் ஆகிவிட்டது. மணிமங்கலம் ஏரிக்கரையில் எங்கள் தாத்தா இறக்கிய உறையும் அந்தக் குடும்பம்தான் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

ஆக, அந்தச் சர்ச்சின் அஸ்திவாரம் உள்ளூர்க் கை. ஆர்கன் கப்பலில் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அதைச் சொல்ல, கடல் கடந்து ஒரு கத்தோலிக்கப் பங்குக்குப் போகவேண்டும்.

கிர்க் திறந்த அதே 1821. பிலிப்பைன்ஸ் நாட்டில், மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பின்யாஸ் என்ற கடலோரக் கிராமம். உப்பளமும் மீன்பிடிப்பும்தான் பிழைப்பு. அங்கே சூசையப்பர் கோயில். பங்குத்தந்தை பெயர் தியேகோ செரா. ஸ்பெயின் நாட்டுக்காரர், அகுஸ்தினார் சபைத் துறவி. 1795-இல் பங்குக்கு வந்தவர், சாகும் காலம் வரை முப்பத்தேழு வருஷம் அங்கேயே இருந்தார். கல் கோயிலைக் கட்டினார். அது முடிவதற்குள்ளேயே, 1816-இல், ஆர்கன் வேலையைத் தொடங்கிவிட்டார். அவருக்கு ஆர்கன் செய்யத் தெரியும். ஆனால் ஏழைப் பங்கு, ஆயிரம் குழலுக்கு ஈயமும் தகரமும் எங்கே போவது? ஊரைச் சுற்றிப் பார்த்தார். மூங்கில் இருந்தது.

மூங்கில் என்றதும் உங்களுக்கும் எனக்கும் தோன்றும் முதல் கேள்வி அவருக்கும் தோன்றியிருக்கிறது: உளுத்துப்போகுமே? வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் ஆறு மாதம் புதைத்து வைத்தார். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துதான் வண்டுக்குச் சாப்பாடு. அது போய்விட்டால் வண்டு வராது. நம் பக்கம் பந்தலுக்கும் கூரைக்கும் வெட்டிய மூங்கிலை ஏரித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்களே, அதே யுக்தி. தோண்டி எடுத்ததில் பூச்சி அரிக்காமல் தப்பியதை மட்டும் குழலுக்கு எடுத்துக்கொண்டார்.

1821-இல் ஆர்கன் வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் எக்காளம் போல ஒலிக்கும் குழல்கள் இல்லை. அதற்கு மூங்கில் சரிவரவில்லை, உலோகம்தான் வேண்டும். மனுஷன் காத்திருந்தார். 1824-இல் அவற்றையும் பொருத்தி முடித்தார். மொத்தம் 1,031 குழல்கள், அதில் 902 மூங்கில், மீதி 129 உலோகம். குருவி கத்துவது போல ஒலிக்க ஒரு தனி ஏற்பாடும் உண்டு. எட்டு வருஷ உழைப்பின் நடுவில் ஒரு துறவிக்கு, குழந்தைகள் சிரிக்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது பாருங்கள்.

அதற்குப் பிறகு அந்த ஆர்கன் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1880-களில் நிலநடுக்கமும் புயலும் கோயிலைச் சேதப்படுத்தின. ஆர்கன் ஊமையானது. குழல்களைக் கழற்றிக் கோயிலுக்குள் ஒதுக்கி வைத்தார்கள். வருஷக்கணக்காக அவை அப்படியே கிடந்தன. இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். அடுப்பெரிக்க மூங்கில் எல்லோருக்கும் வேண்டும். அந்த ஊரில் அதை யாரும் எடைக்குப் போடவில்லை. 'ஆகாது' என்று சொல்ல டார்ச் லைட்டோடு என்னைப் போல ஒரு மேதாவி அங்கே போகவில்லை போலிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அரைகுறையாகச் சரிசெய்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1973-இல் துணிந்து, முழு ஆர்கனையும் கழற்றி ஜெர்மனியில் பான் நகரத்துக் கிளைஸ் நிறுவனத்துக்குப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். 1975-இல் திரும்பி வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றதாம். மறு வருஷத்திலிருந்து ஆண்டுதோறும் மூங்கில் ஆர்கன் விழா. 2003-இல் அதைத் தேசியக் கலைச்செல்வமாக அந்த நாட்டு அரசு அறிவித்தது.

இதுவரை சொன்னது எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் முக்கியமாக நினைப்பது இதற்கு அடுத்தது. ஒவ்வொரு முறையும் ஜெர்மனிக்கு ஓடிக்கொண்டிருக்க முடியுமா? ஆர்கன் செய்யும் கலையை ஐரோப்பாவில் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1994-இல் அந்தப் பாதிரியார் பெயரிலேயே 'தியேகோ செரா ஆர்கன் பில்டர்ஸ்' என்ற பட்டறை அங்கே தொடங்கியது. மூங்கில் ஆர்கனைப் பராமரிப்பது அவர்கள். அந்த நாட்டில் மற்ற ஊர்க் கோயில்களில் செத்துக்கிடந்த ஸ்பானிய காலத்து ஆர்கன்களை எழுப்பும் வேலையிலும் அவர்கள் கை இருக்கிறது. ஒரு பங்கில் ஒரு பொருளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால், ஒரு நாட்டுக்கே ஒரு தொழில் வந்தது.

1994! நான் எங்கள் பக்கத்து ஆர்கன் பெட்டிக்குச் சாவுச்சீட்டு எழுதிக்கொடுத்த அதே வருஷம்.

லாஸ் பின்யாஸ் ஏதோ அமைதியான தீவுக் கிராமம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்று அது மணிலா மாநகரத்தோடு ஒட்டிக்கொண்ட நகரம். ஜீப்னி என்று ஒரு வண்டி உண்டே, அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்பை நீட்டிப் பயணிகள் ஏறும்படி மாற்றி, கலர் கலராகப் பூ வரைந்தது. அந்த வண்டிக்குப் பேர்போன சராவ் மோட்டார்ஸ் 1953-இல் ஆரம்பித்ததும் அதே லாஸ் பின்யாஸில்தான். அதாவது உப்பளம் போய், வெல்டிங் பொறியும் டிராஃபிக்கும் வந்த ஊர். நம் வயல் போய் ஒரகடம் வந்த மாதிரி. இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் காரும் மோட்டார் சைக்கிளும் லாரியும் என்று உலகத்துக்கே வண்டி செய்து அனுப்புகிற இடத்தில் நாம் குடியிருக்கிறோம். அதனால்தான் இந்த ஒப்பீடு என்னை விடமாட்டேன் என்கிறது.

என் பேரன்களும் சில நண்பர்களும் எதிர்வாதம் செய்கிறார்கள். அதையும் பார்த்துவிடலாம்.

'நம் சீதோஷ்ணத்துக்கு ஆர்கன் ஒத்துவராது' என்கிறார்கள். பாதி உண்மை. வெயில் ஏறினால் குழலின் சுருதி ஏறும். நாக்கு வைத்த குழல்கள் அதே அளவு ஏறாது, இரண்டும் பிரிந்துபோகும். ஈரம் மரத்தை ஊதவைக்கும், வால்வு சிக்கும். எலி, கரையான் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஆனால் லாஸ் பின்யாஸ் என்ன ஊட்டியா? நம்மைப் போலவே புழுங்குகிற ஊர், கூடுதலாகப் புயலும் பூகம்பமும். பருவத்துக்கு ஒருமுறை பார்க்க ஆள் இருந்தால் சீதோஷ்ணம் ஒரு வேலை, அவ்வளவுதான். ஆள் இல்லாதபோதுதான் அது விதியாகிவிடுகிறது.

'அது வெளிநாட்டு வாத்தியம்' என்பது இரண்டாவது. வயலின் எந்த ஊர்? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் மதராஸில் வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டதைத்தானே இன்று கச்சேரியில் பக்கவாத்தியமாக வைத்திருக்கிறோம்? ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டையும் ஸ்ரீநிவாஸ் மாண்டலினையும் நம்முடையதாக்கினார்கள். ஆர்மோனியம்கூட 1842-இல் பாரீஸில் தெபேன் என்பவர் உரிமை வாங்கிய சரக்கு. காலால் மிதிப்பதைக் கல்கத்தாவில் கையால் இழுப்பதாக மாற்றினார்கள், தரையில் உட்கார்ந்து வாசிக்க வசதியாயிற்று. கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-லிருந்து முப்பது வருஷம் போல அதை ஒதுக்கி வைத்தது. நாடகமும் பஜனை மடமும் மாதா கோயிலும் ஒதுக்கவில்லை, ஆர்மோனியம் பிழைத்துக்கொண்டது.

கத்தோலிக்க நண்பர்கள் சிலர், 'இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு ஆர்கனுக்கு வேலையில்லை, தமிழில் பூசை, தபேலாவும் கீபோர்டும் போதும்' என்கிறார்கள். தமிழ்ப் பூசை வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். வாத்தியார் சின்ன வயதில் அர்த்தம் தெரியாமல் லத்தீனில் பாடியதைச் சிரித்துக்கொண்டு சொல்வார். ஆனால் 1963 டிசம்பரில் அந்தச் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏடு ஆர்கனைப் போகச் சொல்லவில்லை. பைப் ஆர்கனுக்குப் பெரிய மரியாதை தரவேண்டும் என்றும், அந்தந்த நாட்டு வாத்தியங்களையும் ஏற்கலாம் என்றும்தான் அது சொல்கிறது. மிருதங்கம் வந்ததற்காக ஆர்கன் பெட்டியை வெளியே வைக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. வெளியே வைத்தது ரோமாபுரி அல்ல. என்னைப் போன்றவர்கள்.

பணம்? அது நியாயமான கேள்வி. இரண்டு பேர் மழைக்கு ஒழுகும் வீட்டில் இருக்கும்போது கோயிலுக்கு ஆர்கனா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. மணிமங்கலம் பக்கம் யாரும் பைப் ஆர்கன் வாங்கவேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. வாத்தியார் பங்கு இருபது வருஷத்துக்கு மேலாக மூன்று கீபோர்டு வாங்கி மூன்றையும் குப்பையில் போட்டிருக்கிறதே, அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் ஒரு பையனுக்குத் துருத்தி கட்டவும் ரீடு சுருதி கூட்டவும் கற்றுக்கொடுத்திருக்கலாம் என்கிறேன். கற்றுக்கொண்டவன் ஒரு கோயிலோடு நிற்கமாட்டான். பஜனை மடத்துப் பெட்டியும் அவனிடம் வரும், நாடகக்காரர் பெட்டியும் வரும்.

கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டைக்கு ஒருமுறை போயிருந்தேன். நாகஸ்வரம் செய்யும் ஊர். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடிப்பிடித்துக் கடைகிறார்கள். புது மரம் ஆகாது, வருஷக்கணக்காகக் காய்ந்ததுதான் வேண்டுமாம். 2022-இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கடைசலுக்கு உட்கார்ந்த கைகள் இருப்பதால்தான் நம் ராஜகோபாலப் பெருமாள் புறப்பாட்டில் நாகஸ்வரம் கேட்கிறது. நம் பெருமாளைக் கவனித்திருப்பீர்கள், மற்ற ஊர்களில் போல் இல்லாமல் சங்கு வலக்கையில் இருக்கும், சக்கரம் இடக்கையில். காற்று வாத்தியத்துக்கு வலப்பக்கம் கொடுத்த ஊர்க்காரன் நான், எனக்கு முன்பே புத்தி வந்திருக்கவேண்டும்!

நம் பக்கத்து ஆலைகளுக்கும் ஒரு வார்த்தை. 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவு லாபம் பார்க்கும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு சமூகப் பணிக்குச் செலவழிக்கவேண்டும். பாரம்பரியமும் கலையும் கைவினையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பள்ளிச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதையும் பஸ் ஸ்டாப் கட்டுவதையும் நான் குறை சொல்லவில்லை, நான் உட்காருவதும் அந்த நிழலில்தான். ஆனால் நியூமேட்டிக் வால்வைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற ஐ.டி.ஐ. பிள்ளைகள் இந்த ஒரே சாலையில் எத்தனை ஆயிரம்! அவர்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, சென்னையில் இருக்கும் பைப் ஆர்கன்களில் கைபழக விட்டு, மணிலாவில் அந்தப் பட்டறைக்கு ஆறு மாதம் அனுப்பினால் ஒரு கம்பெனிக்கு என்ன பெரிய செலவு? சென்னை சர்ச்சு ஆர்கன் ஒன்று மூச்சுத்திணறினால் அடுத்த முறை தாம்பரத்திலிருந்து ரயிலேறி ஒருவன் போய்ப் பார்ப்பான். வேலை வருஷம் முழுக்க இருக்காது என்பது எனக்கும் தெரியும். நாகஸ்வரம் கடைகிறவருக்கும் வருஷம் முழுக்க ஒரே மாதிரியா வேலை இருக்கிறது? மீதி நாளில் ஆலை வேலை பார்க்கட்டுமே.

இதையெல்லாம் டீக்கடையில் வாத்தியாரிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். டீ ஆறிவிட்டது. கடைசியில் மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். பித்தளை நாக்குகள். பதினேழோ பதினெட்டோ இருக்கும்.

"அன்னிக்கு நானும் அந்தக் கடைக்குப் போனேன் தம்பி. நீ போனப்புறம். என்கிட்ட இருந்த காசுக்கு இவ்வளவுதான் குடுத்தான்."

இருபது முப்பது வருஷமாக வைத்திருந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அவர் அண்ணன் பேத்தி, பத்தாவது படிக்கிறவள், உறவினர் வீட்டுப் பரணில் இருந்து ஒரு கை ஆர்மோனியத்தை இறக்கி வைத்திருக்கிறாளாம். துருத்தி போச்சு, நாலைந்து ரீடு இல்லை. "இது பொருந்துமா பொருந்தாதான்னு தெரியல. உனக்குக் காத்து தெரியும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வா. அவளும் கூட உக்காருவா."

தோலுக்குச் சொல்லிவிட்டேன். தாம்பரத்தில் மிருதங்கம் கட்டுகிறவர் ஒருவர் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். வஜ்ஜிரம்தான் இந்தப் பக்கம் கிடைக்கவில்லை. யாருக்காவது நல்ல கடை தெரிந்தால் சொல்லுங்கள்.